லாபம், ரெண்டு, மூணு

களத்தில் நெல் அளக்கும்போது என் தாத்தா முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ண மாட்டார். "லாபம்" என்பார். அதற்குப் பிறகுதான் "ரெண்டு, மூணு, நாலு" என்று போகும். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் அளப்பார்கள். யாராவது வந்து "பத்து மரக்கால் நெல் வேணும்" என்று கேட்டால், தாத்தா திருப்பிக் கேட்பார்: "யாரு மரக்கால்?" வீட்டுக்கு வீடு மரக்கால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்று அடுத்த கேள்வி வரும். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் அவர் மூட்டையை அவிழ்த்து நான் பார்த்ததில்லை.

வாய்பாடும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி, அதுதான் மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி. இப்படி இரண்டிரண்டாகவே ஏறி வந்து, கடைசியில் 3 தூணி ஒரு கலம் என்று முடியும். "ஏன் தாத்தா இங்க மட்டும் மூணு?" என்று கேட்டேன். "அது அப்பிடித்தான் ஆத்தா, மனப்பாடம் பண்ணிக்க" என்றார். இரட்டித்துக்கொண்டே வரும் கணக்கு ஓரிடத்தில் மட்டும் வேறு எண்ணுக்குத் தாவும் என்பதை நான் அப்போது மனதில் வாங்கியிருக்க வேண்டும். 1997-இல் அது எனக்குத் தேவைப்பட்டது.

அப்போது மதுரை டவுன் ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக். அந்த வருஷம் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. விழா மலர் அடிக்கும் வேலை எங்கள் கடைக்கே வந்தது. ஏ4 அளவில் 48 பக்கம். படங்களை அச்சகத்தில் ஒட்டிக்கொள்வார்கள். எழுத்து மட்டும் எங்கள் பொறுப்பு. மறுநாள் காலை 8 மணிக்கு அது சிவகாசியில் இருக்க வேண்டும்.

ராத்திரி 9 மணிக்குக் கடைசிப் பிழைதிருத்தம் முடிந்தது. கோப்பின் அளவைப் பார்த்தேன்: 1.40 எம்பி. ஃப்ளாப்பியின் மேல் 1.44 எம்பி என்று அச்சாகியிருந்தது. 0.04 மிச்சம் என்று நினைத்து நகல் எடுக்கக் கொடுத்தேன். கோடு நகர்ந்துகொண்டே போய்க் கடைசியில் நின்றது. டிஸ்க் நிறைந்துவிட்டது, வேறு டிஸ்க் போடு என்றது விண்டோஸ். ஃப்ளாப்பிதான் சரியில்லை என்று நினைத்தேன். இன்னொன்று போட்டேன், அதே கதை. மூன்றாவது, நான்காவது. முதலாளி போய்ப் பூட்டப்போன கடையைத் திறக்கச் சொல்லிப் புதுப் பெட்டி வாங்கி வந்தார். புது ஃப்ளாப்பியும் அதே இடத்தில் நின்றது. பத்தரை மணி வரைக்கும் நானும் அவரும் ஃப்ளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். "1.44-ல 1.40 போகலன்னா எப்படிம்மா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் மலரை இரண்டாக வெட்டினேன். முதல் 24 பக்கம் ஒரு ஃப்ளாப்பி, அடுத்த 24 பக்கம் இன்னொன்று. விருதுநகர் வழியாகப் போகும் கடைசி பஸ்ஸில் முதலாளியே கொண்டுபோனார். மலர் நேரத்துக்கு அச்சாகிவிட்டது. ஆனால் எனக்கு அந்தக் கேள்வி அடங்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு டாஸ் கையேட்டையும் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஃப்ளாப்பிக்கு இரண்டு பக்கம். பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் மொத்தம் 2880 செக்டார், 14,74,560 பைட். இதை 1024-ஆல் வகுத்தால் சரியாக 1440 கிலோபைட் வருகிறது. அந்த 1440-ஐ மறுபடி 1024-ஆல் வகுக்காமல் 1000-ஆல் வகுத்து 1.44 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தூணி வரைக்கும் இரண்டிரண்டாக வந்துவிட்டுக் கலத்தில் மூன்றுக்குத் தாவிய அதே மாதிரி. ஆனால் விண்டோஸ் என் கோப்பை இரண்டு தடவையும் 1024-ஆல்தான் வகுத்துக் காட்டியது. கோப்பின் எம்பி ஒரு மரக்கால், ஃப்ளாப்பியின் எம்பி வேறொரு மரக்கால். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்திருக்கிறேன்.

அதோடும் முடியவில்லை. 2880 செக்டாரும் எழுதுகிறவருக்குக் கிடைக்காது. முதல் செக்டார் தொடக்கக் குறிப்புக்கு. எந்தக் கோப்பு எங்கெங்கே கிடக்கிறது என்ற அட்டவணை இரண்டு பிரதியாக இருக்கும், பிரதிக்கு 9 செக்டார். பெயர்ப் பட்டியலுக்கு 14. ஆக 33 செக்டார் ஃப்ளாப்பியே தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 2847, அதாவது 14,57,664 பைட். விண்டோஸ் கணக்கில் 1.39 எம்பி. என் கோப்பு 14,70,464 பைட், 2872 செக்டார். இடமே இல்லாமல் போனது வெறும் 25 செக்டாருக்குத்தான். அன்றைய எங்கள் எழுத்துருவில் அது ஏறக்குறைய ஆறு பக்க எழுத்து. அட்டவணை இல்லாத ஃப்ளாப்பி என்று ஒன்று இருந்திருந்தால் மலர் முழுக்க அதில் ஏறி, 8 செக்டார் மீந்தும் இருக்கும். அட்டவணை இல்லாவிட்டால் மலர் எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது.

பின்னாளில் சிவகாசி அண்ணாச்சி ஒருவர் இன்னொன்று சொன்னார். பேஜ்மேக்கரில் சும்மா சேவ் கொடுத்துக்கொண்டே போனால், திருத்தியதெல்லாம் பழையதோடு சேர்ந்து கோப்பு உப்பும். "சேவ் ஆஸ் குடுத்து அதே பேர்ல வைங்கம்மா, இளைச்சுரும்." செய்து பார்த்தேன். பாதியாக இளைத்துவிட்டது. அந்த ஒரு வார்த்தை அன்று ராத்திரி தெரிந்திருந்தால் மலரை வெட்டியே இருக்க மாட்டேன். மலரை வெட்டியது பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வருஷம் கடைக்கு 2 ஜிபி ஹார்டு டிஸ்க் வந்தது. வாடிக்கையாளர்களின் கடிதம், பத்திரிகை வாசகம் என்று சின்னச் சின்னக் கோப்புகள் ஆறாயிரம். ஒவ்வொன்றும் சராசரி 2 கேபி. கூட்டினால் 12 எம்பிதான். ஆனால் அந்த ஆறாயிரத்தையும் ஏற்றியதும் 187 எம்பி இடம் போயிருந்தது. வைரஸ் என்றார் முதலாளி. நான் மறுபடி கையேட்டை எடுத்தேன்.

டிஸ்க்கில் இடம் பைட் பைட்டாகத் தரப்படுவதில்லை, கிளஸ்டர் கிளஸ்டராகத்தான் தரப்படும். லாட்ஜில் ஒருவர் தங்கினாலும் ஒரு ரூம், பாதி ரூம் கிடையாது. அன்றைய ஃபேட்-16 முறையில் அட்டவணையின் ஒவ்வொரு எண்ணும் 16 பிட் என்பதால், ஒரு டிரைவில் 65 ஆயிரத்துச் சொச்சம் ரூமுக்கு மேல் எண் போட முடியாது. 2 ஜிபியை அத்தனை ரூமாகப் பங்கிட்டால் ஒரு ரூம் 32 கேபி. 2 கேபி கடிதம் ஒவ்வொன்றும் 32 கேபி ரூமைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அறுபதினாயிரம் கடிதம் என்றால் வெறும் 120 எம்பி எழுத்துக்கு டிஸ்க்கே நிறைந்திருக்கும். விண்டோஸ் 98-க்கு மாறி ஃபேட்-32 போட்ட பிறகு ரூம் 4 கேபியாகச் சுருங்கி, கடையின் டிஸ்க் மூச்சுவிட்டது. இன்றும் விண்டோஸில் ஒரு கோப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் அளவு என்று ஒரு வரியும் டிஸ்க்கில் பிடிக்கும் அளவு என்று இன்னொரு வரியும் இருக்கும். இரண்டாவது வரியை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். நெல் எவ்வளவு என்பது முதல் வரி. குதிர் எவ்வளவு அடைத்தது என்பது இரண்டாவது.

இப்போது நான் மதுரையிலேயே ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறேன். பழைய சிற்றிதழ், விழா மலர், நாடக நோட்டீஸ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சேர்த்து வைப்பது வேலை. போன வருஷம் 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கினோம். மாட்டியதும் விண்டோஸ் 3.63 டிபி என்று காட்டியது. கூட வேலை பார்க்கும் பெண் பதறிவிட்டாள். "அக்கா, ஏமாத்திட்டாங்க. திருப்பிக் குடுத்துரலாம்." நான் அவளை உட்கார வைத்துப் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினேன். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். விண்டோஸ் 1024 1024-ஆக வகுக்கிறது. கிலோவில் வித்தியாசம் நூற்றுக்கு 2.4. மெகாவில் ஏறக்குறைய 5. கிகாவில் 7-க்கு மேல். டெராவில் கிட்டத்தட்ட 10. படி ஏற ஏற இடைவெளி அகலமாகிறது. ஃப்ளாப்பி காலத்தில் 25 செக்டாராக இருந்த சங்கடம், இன்று நூற்றுக்கணக்கான ஜிபி காணாமல் போன மாதிரி தெரிகிறது. ஒரு பைட்கூடக் காணாமல் போகவில்லை.

இதைத் தீர்க்கத்தான் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இலேயே 1024 கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர் வைத்தது. கிலோ என்றால் ஆயிரம் மட்டுமே, 1024-க்குக் கிபி. நல்ல பெயர்கள், புழக்கத்துக்கு வர வேண்டிய பெயர்கள். ஆப்பிள் 2009-இல் தன் மேக்கில் ஆயிரம் கணக்குக்கே மாறிவிட்டது. விண்டோஸ் 1024-ஆல் வகுத்துவிட்டு ஜிபி என்றே எழுதுகிறது. அதனால் ஒரே டிஸ்க் மேக்கில் 4, விண்டோஸில் 3.63. எங்கள் காப்பகத்தில் இப்போது பதிவேட்டில் எம்பி, ஜிபி எதையும் எழுதுவதில்லை. முழு பைட் எண்ணைத்தான் எழுதுகிறோம். பைட் மட்டும் எல்லார் வீட்டிலும் ஒரே அளவு.

தமிழுக்கு என்று ஒரு கணக்கும் உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் "தமிழ்" என்று ஒரே ஒரு சொல்லை அடித்துக் கோப்பாக வைக்கச் சொல்வேன். கண்ணுக்கு மூன்று எழுத்து. கோப்பு எத்தனை பைட் என்று கேட்டால் மூன்று என்பார்கள். திறந்து பார்த்தால் 15. யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆங்கில எழுத்துக்கு 1. எங்கள் பழைய எட்டு பிட் எழுத்துருக்களில் இதே சொல் நாலு பைட்டில் முடிந்துவிடும். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியபோது எல்லாம் மூன்று நான்கு மடங்கு பெருத்தன. அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. நாலு பைட் "தமிழ்" எங்கள் கடையின் எழுத்துரு இருந்தால்தான் தமிழ், இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். 15 பைட் "தமிழ்" எந்த ஊர்க் கம்ப்யூட்டரிலும் தமிழ். பிறகு அந்தக் கோப்பை 64 ஜிபி பென்டிரைவில் போடச் சொல்வேன். விண்டோஸ் வழக்கமாக அதை எக்ஸ்ஃபேட்டில் 128 கேபி கிளஸ்டராக வடிவமைக்கும். 15 பைட் சொல், 1,31,072 பைட் இடம். இதைக் கண்ணால் பார்த்த பிறகு இரண்டாவது வரியை அவர்கள் மறப்பதில்லை.

காப்பகத்தின் லினக்ஸ் சர்வரில் ஒரு நாள் இடம் நிறைந்துவிட்டது. ஸ்கேனர் நிரலின் லாக் கோப்பு 40 ஜிபிக்கு வளர்ந்திருந்தது. அழித்தேன். டியூ கட்டளை இடம் குறைந்துவிட்டது என்றது. டிஎஃப் கட்டளை இன்னும் நிறைந்தே இருக்கிறது என்றது. பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, டியூ ஒவ்வொரு ஃபோல்டராப் போய் பேர் இருக்கிற கோப்பை மட்டும் கூட்டும். டிஎஃப் டிஸ்க்கையே கேக்கும். நீங்க பேரை அழிச்சுட்டீங்க. அந்த நிரல் இன்னும் கோப்பைத் திறந்து புடிச்சிருக்கு."

"பட்டாவுல பேரை நீக்கியாச்சு, குடியிருக்கிறவன் காலி பண்ணலங்கிறியா?"

"அதேதாம்மா. நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டுங்க."

ஓட்டினேன். 40 ஜிபியும் திரும்பி வந்தது. இரண்டு கட்டளையும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கின்றன.

இந்தப் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அந்த இரண்டு ஃப்ளாப்பிகளும் கிடைத்தன. அச்சாகி முடிந்ததும் முதலாளி எனக்கே கொடுத்துவிட்டிருந்தார். "மலர் 1–24", "மலர் 25–48" என்று என் கையெழுத்து. மகன் யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று கொண்டுவந்திருந்தான். முதல் ஃப்ளாப்பி கறகறவென்று சத்தம் போட்டாலும் முழுதாகப் படித்துவிட்டது. காப்பகத்தில் வைத்திருக்கும் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கர் திறந்தது, எழுத்துருவும் இருந்தது, 24 பக்கமும் அப்படியே வந்தன. அடித்த கைக்கு அடையாளம் தெரிந்தது.

இரண்டாவது ஃப்ளாப்பி நடுவில் நின்றுவிட்டது. மகன் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைப் போட்டு ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பப் படிக்க விட்டான். காலையில் 2880 செக்டாரில் 2879 வந்திருந்தது. வராதது ஒன்று. 512 பைட். கோப்பு மொத்தம் 7,41,376 பைட், அதில் 512 இல்லை என்பதற்காகப் பேஜ்மேக்கர் திறக்க மறுத்துவிட்டது. போன செக்டார் எழுத்து இருந்த இடமாக இருந்திருந்தால் அரைப் பத்தி போயிருக்கும், மிச்சம் கிடைத்திருக்கும். போனது எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று கோப்பு தன் உள்ளே வைத்திருக்கும் குறிப்பாக இருக்க வேண்டும். மகன் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, "விட்ருங்கம்மா" என்றான்.

அச்சான மலர் ஒன்று காப்பகத்தில் இருந்தது. 25-ஆம் பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்தேன். 300 டிபிஐ, வண்ணம், சுருக்காமல். அகலத்துக்கு 2480 புள்ளி, உயரத்துக்கு 3508, புள்ளிக்கு 3 பைட். பக்கத்துக்கு 2,60,99,520 பைட். அன்றைய ஃப்ளாப்பி என்றால் ஒரு பக்கத்துக்கு 18 வேண்டும். 24 பக்கமும் முடிந்தபோது 62,63,88,480 பைட். 512 பைட் கிடைக்காததால் அறுபத்திரண்டு கோடி பைட். இதைச் செலவு என்று நான் நினைக்கவில்லை, டிஸ்க்கில் இடம் இருக்கிறது. வலித்தது வேறு. அத்தனை கோடி பைட்டிலும் ஒரு எழுத்துகூட இல்லை, புள்ளிகள்தான். ஒரு பெயரைத் தேடினால் அகப்படாது.

அதனால் அந்த 24 பக்கத்தையும் மறுபடி அடிக்க உட்கார்ந்தேன். பக்கத்துக்கு 6 கேபி அளவு வருகிறது. 37-ஆம் பக்கம் உபயதாரர் பட்டியல். பணம் கொடுத்தவர்கள், செங்கல் கொடுத்தவர்கள், அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர்கள். நடுவில் தாத்தாவின் பெயர், எதிரே "நெல் 3 கலம்". 1997-இல் நானே அடித்த வரி. அந்த ராத்திரி அவசரத்தில் கவனித்த ஞாபகமே இல்லை. மறுபடி அடித்தேன். எட்டுத் தமிழ்க் குறியீடு, ஒரு எண், இரண்டு இடைவெளி. 27 பைட்.

பக்கத்து மேஜையிலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "3 கலம்னா எத்தனை கிலோ அக்கா?"

கலத்துக்கு 12 மரக்கால், 3 கலத்துக்கு 36 மரக்கால் என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். தாத்தா வீட்டு மரக்காலால் அளந்தாரா, கோயில் மரக்காலாலா? வீட்டு மரக்கால் பெரியப்பா வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது நெல் நிரப்பி, குவித்து ஒரு தடவையும் தலைதட்டி ஒரு தடவையும் எடை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.